பற்றும் வரவும்

அழகான ஒன்றைப் பார்ப்பதில் குற்றம் எதுவும் இருக்க முடியாது என்பது நம்மில் பலருக்கு யோசித்து அடைந்த முடிவு அல்ல. யோசிக்க வேண்டியதில்லை என்று விட்டுவைத்த இடம். பறித்தால் பூவுக்கு நஷ்டம், பிடித்தால் பட்சிக்கு நஷ்டம், பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கலையைப்பற்றிய நம் பேச்சுக்களின் அடியிலும் இந்த எண்ணம்தான் கிடக்கிறது. ரசிகன் எதையும் எடுத்துக்கொள்ளாதவன்; ஆகவே எதற்கும் பொறுப்பில்லாதவன். இதில் இரண்டாவது வாக்கியம் முதல் வாக்கியத்திலிருந்து உண்மையிலேயே பிறக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி புத்தகம் படித்து எனக்கு வந்ததில்லை. நான் வண்ணத்துப்பூச்சிகளைப் புகைப்படம் எடுக்கிறவன். வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளும், மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளும்தான் சொந்தம். அந்த நாட்களில் காலையில் திருச்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிப் போகும் ஒரு நடைபாதைக்குப் போய்விடுவேன். இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாதை. ஒரு பக்கம் நாணலும் மணலும். மறு பக்கம் எருக்கு, உன்னிச்செடி, வெட்டுக்காயப் பூண்டு, மழைக்குப் பிறகு கிலுகிலுப்பை. பழைய காமிரா ஒன்றும், மிக அருகில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் மாக்ரோ லென்ஸ் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. இரவின் குளிர்ச்சி நீங்கி உடல் சூடேறாமல் வண்ணத்துப்பூச்சியால் சரியாகப் பறக்க முடியாது. அது சிறகை விரித்து வெயில் காயும் அந்த அரைமணி நேரம்தான் எங்களைப் போன்றவர்களின் முகூர்த்த நேரம். ஆறு வருஷத்தில் 63 இனங்கள், 11,000 படங்களுக்குமேல் சேர்ந்துவிட்டன. ஒரு பூச்சிகூட என்னால் செத்ததில்லை. பூச்சிகளைப் பொறுத்த அளவில் நான் அஹிம்சாவாதி என்று சொல்லிக்கொள்ள எல்லா ஆதாரமும் இருக்கிறது. அப்படிச் சொல்லிக்கொள்வதில் ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்க நினைக்கிறேன்.

எனக்கு முன்னால் வந்தவர்கள் வலையும் விஷ ஜாடியும் குண்டூசியும் கொண்டு வந்தார்கள். இந்திய வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்கள் கொன்று சேர்த்ததிலிருந்து தெரிந்தது. அவர்களில் பலர் பட்டாளத்துக்காரர்கள். இனங்களை அடையாளம் காண்பதற்கு 1927-இல் நூல் எழுதிய ஈவான்ஸ் ஒரு பிரிகேடியர். வின்டர்-பிளைத் எழுதி 1957-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்ட நூல்தான் வெகுகாலம் கைநூலாக இருந்தது. பூச்சிகளுக்கு அவர்களது உலகம் வைத்த பெயர்களைப் பாருங்கள்: கமாண்டர், சார்ஜென்ட், பாரன், நவாப், ராஜா. ஒரு கன்டோன்மென்ட் விருந்தின் அழைப்பிதழ்ப் பட்டியல் போலிருக்கிறது. இதற்கும் முன்னால், 1758-இல், லின்னேயஸ் வால்சிறகுப் பூச்சிகளில் மார்பில் ரத்தச் சிவப்பு உள்ளவற்றை டிராய் நகரத்து வீரர்கள் என்று ஒரு கட்சியாகவும், மற்றவற்றைக் கிரேக்க வீரர்கள் என்று இன்னொரு கட்சியாகவும் பிரித்துவைத்தார். ஆகவே கொள்ளிடக் கரையில் செவ்வுடலும் கறுப்புச் சிறகுமாகப் பறக்கும் கிரிம்ஸன் ரோஸுக்கு விஞ்ஞானப் பெயர் ஹெக்டர். பெயர் வைப்பதும் ஒருவகையில் ஊசி குத்துவதுதான். நாமும் இதற்கு விலக்கல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் டமில் யோமன் 2019-இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்டபோது 'தமிழ் மறவன்' ஆயிற்று. ஆங்கிலேயப் பட்டாளத்திலிருந்து விடுவித்து நம் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டோம்.

ஆனால் குண்டூசிக்காரர்களை நான் சுலபமாகக் கண்டிக்கத் தயாராக இல்லை. நாவலாசிரியர் என்று நமக்கெல்லாம் தெரிந்த நபகாவ் 1940-களில் ஹார்வர்டின் மியூசியத்தில் உட்கார்ந்து, நீல நிறச் சிறு வண்ணத்துப்பூச்சிகளின் இனவிருத்தி உறுப்புகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து ஆராய்ந்தவர். அந்த இனங்களைச் சிறகைப் பார்த்துப் பிரிக்க முடியாது. வயிற்றை அறுத்துத்தான் ஆகவேண்டும். அமெரிக்கக் கண்டங்களின் அந்தப் பூச்சிகள் ஆசியாவிலிருந்து பேரிங் ஜலசந்தி வழியாகப் பல அலைகளாக வந்திருக்க வேண்டும் என்று 1945-இல் அவர் எழுதினார். 2011-இல் மரபணு ஆராய்ச்சி அது சரி என்று காட்டியது. அவர் கொல்லாமல் இருந்திருந்தால் இது அவருக்குத் தெரிந்திருக்காது. காமிராவால் இந்த வகை அறிவைத் தரவே முடியாது. கொன்றவன் ஒரு விலை கொடுத்து ஒன்றை வாங்கினான். அந்த விலை பூச்சியின் உயிர் என்பதால் அது நியாயமான வியாபாரம் ஆகிவிடாது. ஆனால் விலை இருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஜாடிக்குள் துடிப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

காமிரா வந்தபின் விலை கண்ணில் படுவதில்லை. ஸூஸன் ஸான்டாக் 1977-இல் வெளிவந்த தமது புத்தகத்தில் காமிராவைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பார்க்கிறார். அந்த ஒப்புமையை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பதுங்கிப் போவது, மூச்சை அடக்குவது, கிடைத்ததைக் கணக்கிடுவது எல்லாம் வேட்டைக்காரனின் காரியங்கள்தாம். ஆனால் வேட்டைக்காரனுக்கு ஒரு எல்லை இருந்தது. சுட்ட மான் மறுபடி சுடுவதற்கு இல்லை. சேகரிப்பவனின் பெட்டிக்குள்ளும் இடம் இவ்வளவுதான் என்று உண்டு. என் காமிராவில் இருக்கும் நகம் அளவு அட்டையில் ஆயிரக்கணக்கில் படங்கள் அடங்குகின்றன. உடைமை கொள்பவனுக்குப் பொருளோ இடமோ தடையாக நின்றது போய், தடையே இல்லாத உடைமை ஒன்று இப்போது சாத்தியமாகியிருக்கிறது. எடுக்கப்பட்டதற்கு நஷ்டம் இல்லை, எடுத்தவனுக்குச் சுமை இல்லை. இதைக் குற்றமின்மை என்று நாம் அழைக்கிறோம். வெறும் செலவின்மைக்கு இப்படி ஒரு பெயர் கிடைத்திருக்கிறதோ என்பது என் சந்தேகம்.

இந்த இடத்தில் கான்ட்டைத் துணைக்குக் கூப்பிடுகிறேன். 1790-இல் எழுதிய மூன்றாவது விமரிசனத்தை நான் மெரெடித்தின் ஆங்கிலத்தில்தான் படித்தேன். ஜெர்மன் எனக்குத் தெரியாது. அழகில் கொள்ளும் இன்பம் பற்றற்றது என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். ஒன்று அழகாயிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லும்போது அந்தப் பொருள் உலகத்தில் இருக்கிறதா, இருக்கவேண்டுமா என்பதில் எனக்கு அக்கறை எதுவும் இருக்கத் தேவையில்லை. பழத்தை விரும்புகிறவனுக்குப் பழம் இருந்தாகவேண்டும். பழத்தின் வடிவை ரசிப்பவனுக்கு அந்தத் தோற்றமே போதும். நவீன ரசனைச் சித்தாந்தங்களில் பாதி இந்தப் பாறைமேல் கட்டப்பட்டவை. நம்முடைய சிறுபத்திரிகை விமரிசனம், படைப்பைப் பயனிலிருந்து பிரித்துக் காப்பாற்றுவதற்காக, தெரிந்தோ தெரியாமலோ பலமுறை ஒதுங்கி நின்றதும் இந்த நிழலில்தான்.

இப்போது இதை வண்ணத்துப்பூச்சிப் படத்தோடு பொருத்திப் பாருங்கள். அச்சாகப் பொருந்துகிறது. படம் கிடைத்துவிட்டது, பூச்சி இருந்தாலும் போனாலும் படத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பின்னணியைப் பச்சை மங்கலாகக் கரைத்து, செடியைத் தண்டின் ஒரு கீற்றாகக் குறைத்து, சிறகை மட்டும் நிறுத்தி வைப்பது இந்த வகைப் படங்களின் இலக்கணம். எது எதன் மேல் உட்கார்ந்தது, எதைத் தின்று வளர்ந்தது, எங்கே முட்டையிடும் என்பதெல்லாம் அந்தப் பச்சை மங்கலுக்குள் போய்விடுகின்றன. கான்ட்டின் பற்றற்ற அழகுக்கு இதைவிடத் தூய உதாரணம் அகப்படாது. 'இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி' என்ற நிலை ரசனையில் தூய்மையாக இருக்கலாம். இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் ஒரு ஜீவனிடம் அதே நிலை வேறு பெயருக்கு உரியதாகிவிடுகிறது.

ஆனால் கான்ட் இதோடு நிறுத்திக்கொண்டவர் இல்லை. புத்தகத்தின் 42-ஆவது பகுதியை நம்மவர்கள் அதிகம் எடுத்துப் பேசுவதில்லை. காரணம் ஊகிக்கக் கூடியதே. ரசனையில் தேர்ந்தவர்கள் பெரும்பாலும் தற்பெருமைக்காரர்களாகவும் பிடிவாதக்காரர்களாகவும் இருக்கிறார்கள் என்று அங்கே ஆரம்பிக்கிறார். இருநூறு பிரதி அச்சாகும் பத்திரிகைகளின் உலகத்தில் உலவுகிற எவருக்கும் இதற்கு உதாரணம் தேடி வெளியே போகவேண்டியதில்லை. கலையழகில் உள்ள ஈடுபாடு நல்ல மனசுக்கு அத்தாட்சி அல்ல என்று சொல்லிவிட்டு, இயற்கையின் அழகில் நேரடியான அக்கறை கொள்வது அப்படி ஓர் அத்தாட்சி என்கிறார். அந்த அக்கறை எப்படிப்பட்டது என்று சொல்ல அவர் காட்டும் ஆள் முக்கியமானவன்: தனியாக, தான் கண்டதை யாரிடமும் சொல்லும் உத்தேசம் இல்லாமல், ஒரு காட்டுப்பூவின், ஒரு பறவையின், ஒரு பூச்சியின் வடிவத்தைப் பார்த்து வியக்கிறவன், அதன்மேல் அன்பு கொள்கிறவன், அதனால் தனக்குச் சற்று நஷ்டம் வந்தாலும் அது இயற்கையில் இல்லாமல் போவதை விரும்பாதவன்.

ஆரம்பத்தில் வெளியே நிறுத்திய 'இருத்தல்' இங்கே வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. தீர்ப்புக்குப் பற்று தேவையில்லை. ஆனால் தீர்ப்புச் சொன்ன மனிதன் அதோடு எழுந்துபோய்விட முடியாது. இது இருக்கவேண்டும் என்று அவன் விரும்புகிறானா? அந்த விருப்பத்துக்கு நஷ்டம் தாங்குவானா? கான்ட் சொன்ன மூன்று நிபந்தனைகளில் எனக்கு மிகக் கடினமாகப் படுவது இந்த நஷ்டம்தான்.

இதை எங்கள் வீட்டுக் கொல்லையில் சோதித்துப் பார்க்கலாம். காமன் மார்மன் என்கிற கறுப்பு வால்சிறகுப் பூச்சி கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும். புழு சிறிதாயிருக்கும்போது பறவை எச்சம் போலவே இருக்கும், தின்ன வருகிறவை ஒதுங்கிப்போகட்டும் என்று. வளர்ந்தபின் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பொன்றை நீட்டும், நாற்றம் சகிக்காது. நாலைந்து புழுக்கள் சேர்ந்தால் ஒரு சிறு செடியை மொட்டையாக்கிவிடும். அம்மா தினமும் காலையில் ஒரு குச்சியோடு அவற்றைத் தள்ளி விடுவாள்.

"இது பெருசானா நீ படம் பிடிச்சு மாட்டியிருக்கியே, அதுதானேடா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அதேதாம்மா."

"அப்ப உன் பூச்சிக்கு நீ தனியா ஒரு செடி வாங்கி வெச்சுக்கோ. இது ரசத்துக்கு."

கூடத்தில் சட்டம் போட்ட படம் இருக்கிறது. கொல்லையில் குச்சி இருக்கிறது. அம்மாவின் நிலையில் முரண்பாடு இல்லை. அவள் ரசத்தின் பக்கம் நிற்கிறாள். அதை மறைக்கவும் இல்லை. கூடத்துப் படத்தை ரசித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போகாமல் திரும்பிவிடும் ரசிகனின் நிலைதான் சிக்கலானது. அவன் ஒரு உயிரின் சில வாரங்களில் கடைசிச் சில நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு அந்த உயிரின் பெயரையே கொடுத்துவிடுகிறான். ஒரு கவிஞனின் ஒரு வரியை எடுத்து வைத்துக்கொண்டு கவிஞனையே கையில் வைத்திருப்பதாக நினைக்கும் விமரிசகனை நமக்குத் தெரியும். அவன் திருடன் இல்லை. வரி அங்கேயேதான் இருக்கிறது. ஆனாலும் ஏதோ நேர்ந்துவிட்டது.

இரண்டாவது செடி ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். அது பூச்சிகளுடையது, அதிலிருந்து ஒரு கொத்துக்கூடப் பறிப்பதில்லை. இதைத் தியாகம் என்று சொல்ல நான் கூசுவேன். தொட்டியோடு அறுபது ரூபாய். ஆனால் கான்ட் சொன்ன நஷ்டம் என்ற சொல்லுக்கு ஸ்தூலமான அர்த்தம் எனக்கு அந்த அறுபது ரூபாயில்தான் கிடைத்தது.

அறுபது ரூபாயில் அடங்காத நஷ்டங்கள் உண்டு. நடைபாதைக்கு வருகிறேன். அங்கே நான் மிக அதிகமாகப் பார்க்கும் இனம் ப்ளெய்ன் டைகர். தமிழில் வெந்தய வரியன் என்கிறார்கள். ஆரஞ்சு நிறம், கறுப்பு ஓரம், அவசரமில்லாத பறத்தல். அவசரப்படாததற்குக் காரணம் உண்டு. அதன் புழு எருக்கையும் அதன் குடும்பத்துச் செடிகளையும் தின்று வளர்கிறது. எருக்கம்பாலின் நச்சு உடம்பில் தங்கிவிடுவதால் பறவைகளுக்கு அது உவப்பதில்லை. ஒருமுறை ருசி பார்த்த பறவை அந்த நிறத்தை மறுபடி தொடத் தயங்கும். நாம் அழகு என்று சொல்லும் ஆரஞ்சு, பறவைக்கு எழுதிய எச்சரிக்கைப் பலகை. அழகும் எருக்கும் இந்த இடத்தில் ஒன்றுதான். எருக்கைக் கழித்தால் அந்த ஆரஞ்சுக்கு அர்த்தம் இல்லை. அந்த ஆரஞ்சே இல்லை.

சென்ற வருஷம் பாதை அழகுபடுத்தப்பட்டது. செய்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் இல்லை. நடக்க வருகிறவர்கள் கேட்டதைத்தான் செய்தார்கள். எருக்கு நம் வீடுகளில் ஆகாத செடி. பாழான வீட்டுக்கு அடையாளம் அதுதான். சாபமே 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்றுதான் வரும். முதலில் அது போயிற்று. பிறகு கிலுகிலுப்பை; பிறகு பூண்டு. புல்தரை வந்தது, தொட்டிகளில் இலைக்கு நிறம் உள்ள செடிகள் வந்தன. பாதையின் முடிவில் ஒரு சுவரெழுப்பி அதில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஆரஞ்சுச் சிறகுகளை வரைந்திருக்கிறார்கள், நடுவில் நின்று படம் எடுத்துக்கொள்வதற்காக. குழந்தைகள் வரிசையில் நின்று எடுத்துக்கொள்கிறார்கள். அழகாகத்தான் வரைந்திருக்கிறது. ஓரத்துக் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள்கூடச் சரியாக இருக்கின்றன. வரைந்தவர் ஏதோ ஒரு நல்ல புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும்.

இதைக் கேலி செய்வதற்காக நான் சொல்லவில்லை. செடி இல்லாத சிறகு என்பது அந்தச் சுவரில் பிறந்த எண்ணம் அல்ல. எத்தனையோ ஆயிரம் படங்கள் பச்சை மங்கலுக்கு முன்னால் சிறகை நிறுத்திக் காட்டிப் பழக்கிய எண்ணத்தின் கடைசிப்படி அது. வண்ணத்துப்பூச்சிக்கு வேண்டியது பூ என்று உலகம் நம்புகிறது. படங்கள் அப்படித்தான் சொல்கின்றன. பூ எதுவானாலும் பெரும்பாலும் போதும். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்து காடுகளை அடைத்துக்கொண்டிருக்கும் உன்னிச்செடியில்கூட அவை தேன் குடிக்கும். முட்டையிட இலைதான் முக்கியம்; அந்த இலை எதுவாகவும் இருக்க முடியாது. இதை அறிந்து செய்தவர்களும் உண்டு. ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் 2015-இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் புழுக்களுக்கு வேண்டிய செடிகளைத் தேடி நட்டிருக்கிறார்கள். என் பாதையிலிருந்து அது அதிக தூரம் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பணம் அல்ல, ஓர் அறிவு. படத்துக்குள் அடங்காத அறிவு.

அப்படியென்றால் படம் எடுப்பதை விட்டுவிடுவதுதான் முடிவா? சிலர் அப்படிச் சொல்கிறார்கள்: காமிராவை வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார், அனுபவம் முழுமையாக இருக்கும். இந்த யோசனையில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெறுங்கண் காமிராவைவிடப் பரிசுத்தமானது என்பதற்கு ஆதாரம் கிடையாது. எருக்கை வெட்டச் சொன்னதும் வெறுங்கண்தான். தவிரவும், காமிரா எனக்குக் கற்றுக்கொடுத்த விஷயங்கள் உண்டு. ஒன்றைச் சொல்கிறேன். டானாயிட் எக்ஃப்ளை என்ற இனத்தின் பெண், வெந்தய வரியனைப் போலவே வேஷம் போடுகிறது. தன்னிடம் இல்லாத நச்சை இருப்பதாகக் காட்டிப் பறவையை ஏமாற்றுகிறது. இதன் ஆணோ கறுப்பில் பெரிய வெள்ளை வட்டங்களோடு சம்பந்தமே இல்லாமல் இருக்கும். அமேஸான் காடுகளில் பதினோரு வருஷம் சுற்றிய பேட்ஸ் 1862-இல் விளக்கிய தத்துவம் இது. வேஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: வெந்தய வரியனின் பின்சிறகு நடுவில், ஆணுக்கு நான்கும் பெண்ணுக்கு மூன்றுமாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். வேஷக்காரிக்கு அவை இருக்காது. சிறகின் முன்விளிம்பில் ஒன்று மட்டும். பறந்துகொண்டிருக்கும்போது என் கண்ணால் இதை எண்ண முடியாது. படத்தில் முடியும்.

இந்த வேஷம் கான்ட்டிடம் இன்னொரு கேள்வியைக் கொண்டுபோகிறது. அதே பகுதியில் ஒரு கதை சொல்கிறார். விடுதிக்காரன் ஒருவன், விருந்தாளிகளை மகிழ்விக்க ஒரு பையனைப் புதருக்குள் ஒளித்துவைத்து நைட்டிங்கேல் போலக் குழல் ஊதச் சொல்கிறான். உண்மை தெரிந்ததும் அந்த ஓசையை யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஓசை மாறவில்லை, இயற்கை அதைச் செய்தது என்ற நம்பிக்கை போய்விட்டது. பூச்சிப் படங்களிலும் இந்தப் பையன் ஒளிந்திருக்கிறான். பூச்சியைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மரத்துப்போனதும் பனித்துளி தெளித்த பூவின்மேல் உட்காரவைத்து எடுக்கப்படும் படங்கள் உண்டு. கலைநயத்தில் அவை எதற்கும் குறைந்தவை அல்ல. தெரிந்தபிறகு என்னால் அவற்றைப் பார்க்க முடிவதில்லை. ஆனால் வேஷக்காரப் பூச்சியின் பொய் தெரிந்தபிறகு அதை இன்னும் அதிகமாகப் பார்க்கத் தோன்றுகிறது. இரண்டும் ஏமாற்றுத்தான். ஒன்று பறவையிடம் உயிருக்காகச் சொல்லும் பொய். மற்றது பார்வையாளனிடம் பாராட்டுக்காகச் சொல்லும் பொய். நாம் விரும்பியது வெறும் வடிவத்தை மட்டும் என்றால் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்க மாட்டோம். வடிவத்தின் பின்னால் உயிரோடு ஒன்று தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே விரும்பியிருக்கிறோம். உண்மை இங்கே அழகின் ஒரு பகுதி. வெளியிலிருந்து ஒட்டவைத்த ஒழுக்கம் அல்ல.

'யாரிடமும் சொல்லும் உத்தேசம் இல்லாமல்' என்ற நிபந்தனை மிச்சமிருக்கிறது. இதில் நான் கான்ட்டோடு முழுக்கப் போக முடியவில்லை. சொல்லும் ஆசை ரசனையைக் கெடுக்கும் என்பது சரி. பாராட்டுக்காக எடுத்த படத்தில் அது எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஆனால் ப்ளூ டைகர், காமன் க்ரோ முதலிய பூச்சிகள் மழைக்காலங்களை ஒட்டி மேற்கு மலைக்கும் கிழக்கே உள்ள சமவெளிக்கும் கிழக்கு மலைகளுக்கும் இடையே கூட்டம் கூட்டமாக இடம்பெயர்வது நமக்குத் தெரிந்ததற்கு, பல ஊர்களில் பலர் பார்த்ததைத் தேதியோடு சொன்னதும் ஒரு காரணம். எல்லோரும் மௌனமாக வியந்துவிட்டுப் போயிருந்தால் இது தெரிந்திருக்காது. அழிவு பேரேட்டில் ஏறுவதற்குக்கூட ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. எருக்கு வெட்டப்படுவதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு, தேதியும் இடமும் செடியின் பெயரும் எழுதிய சில நூறு படங்கள் என்னிடம் இருக்கின்றன. இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் காட்டுவேன்.

பேரேடு என்றது என் தொழில் பாஷை. வங்கிக் கணக்கில் ஒரு வரவு எழுதினால் அதற்கு ஈடாக எங்கோ ஒரு பற்று எழுதப்பட்டாக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதிய பேரேடு அன்று மாலையே பொருந்தாமல் நிற்கும். யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ரசனை என்று நாம் நடத்திவரும் கணக்கில் வரவு மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறோம்: இந்தக் காட்சி கிடைத்தது, இந்தச் சிறகு, இந்த வரி, இந்த ராகம். பற்றுப் பக்கம் வெறுமையாக இருப்பதையே தூய்மை என்று நினைத்துவிட்டோம். தமிழில் பற்று என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் இருப்பது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அது உபயோகமாக இருக்கிறது. எதன்மேல் பற்று வைத்தோமோ அதன்பேரில் நமக்கு ஒரு கடன் எழுதப்பட்டுவிடுகிறது.

ம. கிருஷ்ணனின் புகைப்படங்கள் எனக்கு இந்த விஷயத்தில் பெரிய ஆதரவு. 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர், மாதவையாவின் மகன், தமிழிலும் எழுதியவர். தாமே இணைத்து உருவாக்கிக்கொண்ட காமிராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவருடைய யானை புல்லோடும் நிழலோடும் சேர்ந்து நிற்கிறது. அதைப் படத்திலிருந்து வெட்டி எடுத்தால் பாதிதான் வரும் என்று பார்க்கிறவனுக்குத் தெரிகிறது. வண்ணத்துப்பூச்சிக்கு அப்படி ஒரு படம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். சிறகு சிறியதாக, எருக்கு பெரியதாக, இலையின் அடியில் ஒரு முட்டையும் கண்ணுக்குப் பட்டும் படாமலும். போட்டிகளுக்கு அது தேறாது.

கடைசியாக ஒரு சந்தேகம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. எருக்கைக் காப்பாற்றவேண்டும் என்று நான் சொல்வது வெந்தய வரியனுக்காக. புழுவைப் பொறுத்துக்கொள்வது சிறகுக்காக. அழகின் வழியாகத்தான் நான் அழகில்லாததிடம் போய்ச் சேர்ந்திருக்கிறேன். கான்ட்டின் ஆள் நேசிப்பதும் அழகிய வடிவத்தைத்தான். ஆனால் அந்தப் புழுக்களில் பலவற்றுக்குள் ஒருவகை ஈயின் குட்டிப்புழுக்கள் வளர்கின்றன. உள்ளிருந்தே தின்று, வண்ணத்துப்பூச்சி வரவேண்டிய இடத்தில் கடைசியில் ஈயாகின்றன. எங்கள் கொல்லையில் தனிச்செடியில் வளர்ந்த ஐந்து புழுக்களில் இரண்டு அப்படிப் போயின. அந்த ஈ சாம்பல் நிறம், முதுகில் முள்மயிர், வீட்டு ஈ போலத்தான் இருந்தது. அந்தச் செடி அதற்கும் உரியதுதான் என்று புத்தி சொல்கிறது. அதன்பேரிலும் எனக்கு ஒரு பற்று எழுதப்பட்டிருக்கிறதா? அதையும் படம் எடுத்துத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். அது இல்லாமல் போவதை நான் விரும்பாமல் இருக்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.